நானோ செராமிக் தோசைத் தவா: எட்டு மாதம் சுட்டுப் பார்த்த பிறகு

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், ஈரோட்டில் ஒரு பாத்திரக்கடையில் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கிய தவா இது. 28 சென்டிமீட்டர், வெளியே கறுப்பு, உள்ளே கெட்டித் தயிர் மாதிரி வெள்ளை. வாங்கப் போனது இட்லிப் பானை, வாங்கி வந்தது இது. கடையில் நின்ற பையன் தவாவின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு அப்படியும் இப்படியும் சாய்த்துக் காட்டினான், நாலு சொட்டும் கோலிக்குண்டு மாதிரி உருண்டன, "தாமரை இலைத் தண்ணி மாதிரி சார், எதுவுமே ஒட்டாது" என்றான், நானும் கோட்டிங் லேபில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் என்பதை அந்த நிமிஷம் மறந்துவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்த வகைத் தவாக்கள் எல்லாவற்றுக்கும் ஜாதகம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒருவரை மட்டும் இழுத்துப் போடுவது நியாயம் இல்லை.

முதல் மூன்று மாதம் குறையே சொல்ல முடியாது. ஆம்லெட் எண்ணெய் இல்லாமலே தட்டில் வழுக்கி விழுந்தது, கழுவுவதற்கு ஒரு துடைப்பு போதும். தோசையில் மட்டும் ஒரு சின்னச் சங்கடம். மாவை ஊற்றி இழுத்தால், மாவு தவாவைப் பிடிக்காமல் கரண்டியோடு சுருண்டு வந்தது. தீயைச் சின்னதாக்கி, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, சூடு தணிந்ததும் ஊற்றினால் ஒழுங்காகப் பரவியது. அம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "நாமதான் கல்லைப் பழக்குவோம், இது நம்மளைப் பழக்குது" என்று சொல்லித் தன் இரும்புக் கல்லுக்கே போய்விட்டார்.

செராமிக் என்றதும் ஊறுகாய் ஜாடி மாதிரி பீங்கானைச் சுட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பீங்கானுக்கு 1,200 டிகிரிக்கு மேல் சூளை வேண்டும், அடியில் இருக்கிற அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். அதனால் இதற்கு வேறு வழி, சோல்-ஜெல் என்பார்கள். மெத்தில் ட்ரைமெத்தாக்சி சிலேன் மாதிரி ஒரு சிலிக்கான் திரவத்தில் தண்ணீரும் ஒரு சொட்டு அமிலமும் சேர்த்தால், அதன் மெத்தாக்சி முனைகள் மெத்தனாலாகக் கழன்றுகொள்ளும், கழன்ற இடத்தில் வந்து உட்காரும் ஹைட்ராக்சில் முனைகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) பக்கத்து மூலக்கூறோடு கைகோத்து சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் என்று வலை பின்ன ஆரம்பிக்கும். இதோடு கூழ்ம சிலிக்காவைக் கலப்பார்கள். மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே சிலிக்கா, 10, 20 நானோமீட்டர் துகள்களாக (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்) தண்ணீரில் மிதக்கிற கரைசல் அது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் லேசாக நீலம் பாய்ந்திருக்கும். வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டையாக்சைடு. எல்லாம் சேர்ந்ததை, மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய அலுமினியத்தின் மேல் ஸ்ப்ரே செய்து, 200, 250 டிகிரி அடுப்பில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் முடிந்தது வேலை. பூச்சின் கனம் சில பத்து மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது. கலந்த கரைசலுக்குக் கெடுவும் உண்டு. வெள்ளிக்கிழமை கலந்த பாட்டிலைக் கழுவ மறந்து வீட்டுக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை வந்து கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கடல்பாசி மாதிரி உறைந்து நின்றது ஒரு தடவை. பாட்டிலோடு தூக்கிப் போட்டோம், மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஆக, பெட்டியில் இருக்கிற "நானோ" பொய் இல்லை. ஒரே அளவில் சிலிக்கா உருண்டைகள் செய்யும் முறையை ஸ்டோபர், ஃபிங்க், போன் என்ற மூன்று பேர் 1968லேயே எழுதி வைத்துவிட்டார்கள், புதுமையும் இல்லை. "100% இயற்கை மண்ணிலிருந்து" என்ற வாசகத்துக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. மணலில் இருந்து வந்ததுதான், தேங்காய்ச் சட்னி தென்னை மரத்தில் இருந்து வந்த மாதிரி.

ஆனால் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் சிலிக்கா இல்லை, இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சுத்தமான சிலிக்காவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். நன்றாகக் கழுவிய கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் சொட்டாக நிற்காமல் படலமாகப் பரவுவது அதனால்தான். தவாவில் ஒட்டவிடாமல் செய்வது சிலிக்கான் அணுக்களில் தொத்திக்கொண்டு மேலே நீட்டி நிற்கிற மெத்தில் முனைகள், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னக் கொத்துகள், தண்ணீருக்கும் அவற்றுக்கும் ஆகாது. கூடவே கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய் கலப்பவர்களும் உண்டு.

தாமரை இலை சமாச்சாரம் இதைவிட மோசம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்குக் காரணம் இலை வழவழப்பாக இருப்பது அல்ல. நேர்மாறு. இலை முழுக்க மெழுகு படிந்த நுண்ணிய மேடுகள், சொட்டு அந்த மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது, கீழே காற்று. ஜெர்மனியில் பார்ட்லாட், நைன்ஹியூஸ் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் 1997இல் இதை விளக்கினார்கள். சொட்டு பரப்பைத் தொடும் இடத்தில் உண்டாகும் தொடுகோணம் அங்கே 150 டிகிரிக்கு மேல், கோணம் பெரிதாக ஆகச் சொட்டு உருண்டையாக நிற்கும். இந்தத் தவாவோ கண்ணாடி மாதிரி வழவழ, கோணம் மிஞ்சிப்போனால் 100 சொச்சம். இரண்டும் வேறு வேறு வித்தை. அது சரி, பெட்டியில் தாமரைப் படம் போட்டால் விற்கும், மெத்தில் முனை படம் போட்டால் யார் வாங்குவார்கள்.

மாசி வாக்கில் ஆரம்பித்தது வம்பு. முதலில் நடுவில் மட்டும், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோசை பிடித்துக்கொண்டது. பிறகு உள்ளங்கை அளவு. ஓரம் மட்டும் சமர்த்தாகக் கிளம்பி வந்தது, திருப்பியை நடுவில் விட்டால் பிய்ந்தது. லேப் புத்தி விடவில்லை, துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கிற அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து, வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துப் பார்த்தேன். மூன்றே நிமிடத்தில் நடு இடம் 270 டிகிரி, ஓரம் 170. எங்கள் வீட்டில் காலை ஏழரை மணிக்கு நடப்பதும் இதேதான், தவாவைப் பெரிய தீயில் போட்டுவிட்டு ஒருவர் சட்னிக்குத் தாளிக்கப் போவோம், இன்னொருவர் பாப்பாவின் ஷூவைத் தேடப் போவோம்.

பெட்டியில் 400 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. தாங்கும். உரியாது, உருகாது, புகையாது. தாங்குவது சிலிக்கா வலை. மெத்தில் முனைகள் அவ்வளவு கெட்டி இல்லை. நல்ல சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, அந்த இடத்தில் ஹைட்ராக்சில் முனைகள் வந்துவிடும், அதாவது தவா மறுபடியும் கண்ணாடித் தம்ளர் குணத்துக்குத் திரும்பிவிடும். அரிசி மாவின் ஸ்டார்ச்சும் உளுந்தின் புரதமும் அதோடு ஒட்டி உறவாட ஆரம்பிக்கும். பார்வைக்குப் பூச்சு புதுசு மாதிரியே இருக்கும், ஒரு கீறல் இருக்காது, ஆனால் தோசை வராது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்கள். எனக்கும் அதுதான் கிடைத்தது.

வீட்டிலேயே சோதிக்கலாம். தவா ஆறியிருக்க வேண்டும், இது முக்கியம். சூடான கல்லில் தண்ணீர் தெளித்து அது முத்து முத்தாக ஓடுகிறதா என்று பார்க்கிற நம் வழக்கம் இதற்கு உதவாது, 200 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் சொட்டுக்கு அடியில் உண்டாகிற ஆவியே அதைத் தூக்கி நிறுத்தி ஓடவிடும், அதை வைத்துப் பூச்சைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆறிய தவாவில் காலியான கண் மருந்து பாட்டிலால் ஓரத்தில் ஒரு சொட்டு, நடுவில் ஒரு சொட்டு விட்டு, செல்போனைத் தவா மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் படம் எடுங்கள். என் தவாவில் ஓரத்துச் சொட்டு உளுந்த வடைக்கு உருட்டிய மாவு மாதிரி நிமிர்ந்து நின்றது, நடுவில் விட்டது ஊத்தப்பம் மாதிரி படுத்துவிட்டது.

இதில் இன்னொரு சந்தேகமும் இருந்தது. மெத்தில் போனதால் மட்டும்தானா, இல்லை எண்ணெய் காய்ந்து படிந்த பிசுக்கும் காரணமா? வெள்ளைப் பூச்சில் லேசான தேன் நிறம் ஏறியிருந்தது, அது பிசுக்குதான். தவாவில் தண்ணீர் ஊற்றி இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியால் தேய்த்தேன். நிறம் பாதி போனது. சொட்டும் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தது, தோசை ஒரு பத்து நாள் ஒழுங்காக வந்தது, அப்புறம் பழையபடிதான். பிசுக்கைக் கழுவலாம், கழன்றதைத் திரும்ப ஒட்ட முடியாது. கம்பி நாரைக் கொண்டு மட்டும் தேய்க்காதீர்கள், பத்து நாளும் கிடைக்காது.

போதாததற்கு நம் பழக்கம் வேறு. ஒவ்வொரு தோசைக்கும் நடுவே கல்லில் தண்ணீரைத் தெளித்துச் சுர்ரென்று சத்தம் வரவைப்பது கை வழக்கம். அலுமினியம் சூட்டில் நன்றாக விரியும், குளிர்ந்தால் நன்றாகச் சுருங்கும். மேலே இருக்கிற சிலிக்காப் பூச்சு அதற்குச் சமமாக நீட்டி முடக்காது. திடீரென்று குளிர்ந்தால் இரண்டுக்கும் இடையில் இழுபறி, பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், அதில் எண்ணெய் போய் உட்காரும். என்னுடையதைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தபோது நடுப்பகுதியில் வறண்ட ஏரி மாதிரி கோடுகள் தெரிந்தன. வாங்கியபோது பார்த்து வைக்காததால் எல்லாமே தண்ணீரால் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

உடம்புக்கு நல்லதா என்று மச்சினி கேட்டாள், வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பதும் இதுதான். பழைய நான்ஸ்டிக்கில் இருப்பது பி.டி.எஃப்.இ., டெஃப்லான் என்று நமக்குத் தெரிந்த பிளாஸ்டிக், 1938இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கிடைத்தது. 260 டிகிரி தாண்டினால் அது மெல்லச் சிதைய ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் நச்சுப்புகை, கூண்டில் கிளி வளர்ப்பவர்கள் பயப்படுவது இதற்குத்தான். என் தவா மூன்று நிமிடத்தில் 270 தொட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த விஷயத்தில் செராமிக் பூச்சு மேல், சந்தேகமே இல்லை. டைட்டானியம் டையாக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்துவிட்டதே என்று ஒரு வாட்ஸாப் சுற்றுகிறது. அந்தத் தடை மிட்டாய், கேக் மாதிரி உணவில் நிறத்துக்காகக் கலப்பதற்கு. தவாவில் அது சிலிக்கா வலைக்குள் அடைந்து கிடக்கிறது. ஆனாலும் பூச்சு பொருபொருவென்று உதிர ஆரம்பித்த தவாவில் நான் சமைக்க மாட்டேன், அது எந்தப் பூச்சாக இருந்தாலும்.

வாரன்டி இரண்டு வருடம். கைப்பிடி கழன்றால், அடி வளைந்தால் மாற்றித் தருவார்கள். பூச்சின் "இயல்பான தேய்மானம்" சேராது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. தோசைத் தவாவில் பூச்சைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது?

அம்மாவின் கல்லையும் சொல்லியாக வேண்டும். அதுவும் கோட்டிங்தான். புதுக் கல்லில் நாலைந்து நாள் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி வைத்து, நல்லெண்ணெய் தடவிக் காய்ச்சி, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்கும்போது, எண்ணெய் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியான கறுப்புப் படலமாகிறது. இதுவும் அளவுக்கு மீறின சூட்டில் எரிந்து போகும், புளித் தண்ணீர் பட்டால் கரையும். வித்தியாசம் என்னவென்றால், ஒவ்வொரு தோசைக்கும் அரை ஸ்பூன் எண்ணெய் விடும்போது பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏறிக்கொண்டே இருக்கிறது. என் நானோ தவாவில் அதே எண்ணெய் பிசுக்காகிக் குறையாக நிற்கிறது. அந்தக் கல் அம்மாவுக்குப் பாட்டி கொடுத்தது, மூன்று கிலோ இருக்கும், தூக்கிக் கழுவுவதற்குள் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும். அதையும் மறைக்கக் கூடாது.

சரி, வாங்கலாமா? முட்டை, பனீர், பிள்ளைகளுக்கு மினி ஊத்தப்பம், எல்லாம் சின்னத் தீயில், மரக்கரண்டியோடு, ஆறின பிறகே கழுவுவேன் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஒன்றரை வருடம் வரக்கூடும். அதுவும் 1,850க்கு வேண்டாம், இதே சங்கதி 900 ரூபாயிலும் கிடைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் நாலு பேருக்கு முறுகல் தோசை சுடுகிற வீட்டுக்கு இது ஆகாது. ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்த அரை நட்சத்திரம் முதல் மூன்று மாத ஆம்லெட்டுக்காக.

இன்னொன்று, இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் அடியில் ஒட்டிப் பாருங்கள். என் தவாவில் ஒட்டவில்லை, பெட்டியில் மட்டும் இண்டக்ஷன் படம் இருந்தது.