ஸ்டிக்கரில் 3600, உள்ளே 2666: ரேம் ஓவர்க்ளாக்குக்குக் காசு கொடுத்து ஏமாந்த கதை

"பூட் ஆகுதே அண்ணே, அப்புறம் என்ன பிரச்சினை?"

கடைக்காரத் தம்பி இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வருகிற வழியில்தான் வந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், இன்னும் நாலு பேர் அதே கதிரையில் போய் உட்காராமல் இருக்கட்டும்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து, வீட்டிலேயே எடிட் பண்ணிக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் ஒன்றும் பெரிசில்லை. ரைசன் 5 3600 சிப் (இந்த 3600 மாடல் பெயர், ரேம் வேகம் இல்லை), பி450 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் இரண்டு. அந்த இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை, 3200 வேகம், சிஎல் 16 (சிஎல் என்பது ரேம் பதில் சொல்வதற்கு முன் தாமதிக்கும் கணக்கு). மூன்று வருடமாக ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. 4கே வீடியோ எடுக்க ஆரம்பித்த பிறகு 16 ஜிபி பத்தவில்லை. அவ்வளவுதான் என் பிரச்சினை. வேகம் போதவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

கடையில் போய் இன்னும் 16 ஜிபி வேண்டும் என்றேன். அந்தத் தம்பி கேஸைத் திறந்து பார்த்துவிட்டு, "சும்மா ரேம் மட்டும் போட்டா வேஸ்ட் அண்ணே. நாலையும் 3600க்கு ஓவர்க்ளாக் பண்ணித் தாறேன். ரைசனுக்கு ராசியான நம்பரே 3600தான். உங்க ஊரு குளிருக்குச் சூடாகவும் செய்யாது" என்றார். ஓவர்க்ளாக் என்றால் கம்பெனி உறுதி சொன்ன வேகத்துக்கு மேலே ஓட வைப்பது. குளிர் ஊரில் இருப்பதை ஒருவர் முதல்தடவையாகப் பாராட்டிச் சொன்னதில் எனக்கும் கொஞ்சம் குளிர்ந்துவிட்டது. ரேம் இரண்டுக்கும் 21,000, ஓவர்க்ளாக் கூலி 6,500. பில்லில் "ரேம் 2, சர்விஸ்" என்று மட்டும் எழுதினார்கள். என்ன மேக், என்ன வேகம், ஒன்றும் இல்லை. அங்கேயே நான் நின்று கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் கஷ்டமே. ரைசன் 3000 வரிசையில் ரேமின் ஓட்டமும் சிப்பின் உள்ளே தரவு ஓடுகிற பாதையின் ஓட்டமும் ஒன்றுக்கொன்று சமமாகப் போக வேண்டும். 3600 ரேம் என்றால் அந்தப் பாதை 1800. அதற்கு மேலே போனால் பல சிப்களில் பாதை கூட வராது. அதனால் 3600 நல்ல நம்பர் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் இரண்டு ஸ்டிக் போட்டால். நாலு ஸ்டிக் போட்டால் கதை வேறு. ரைசனைச் செய்கிற ஏஎம்டி கம்பெனியே இந்த வரிசைக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 3200 என்றும், ஒற்றை ராங்க் (ராங்க் என்பது ஸ்டிக்கில் உள்ள மெமரி சிப்களின் ஒரு தொகுதி) ஸ்டிக் நாலு போட்டால் 2933 என்றும், இரட்டை ராங்க் நாலு என்றால் 2667 என்றும்தான் உறுதி சொல்கிறது. அதற்கு மேலே ஓடினால் நம் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்துக்குத்தான் என்னிடம் 6,500 வாங்கினார்கள்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 32 ஜிபி, வேகம் 3600 என்று காட்டும். வேலை இல்லாவிட்டாலும் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அப்புறம் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. ஒரு ஜிப் ஃபைல் விரியாமல் பிழை காட்டியது. டவுன்லோட் கோளாறு என்று நினைத்துத் திரும்ப இறக்கினேன். ஒரு நாள் ப்ளூ ஸ்க்ரீன். கரண்ட் என்று நினைத்தேன், எங்கள் பக்கம் மழைக்காலத்தில் லைனில் மரம் விழுவது புதிசில்லை. ஒரு கல்யாண வீடியோவை ரெண்டர் பண்ணிப் பார்த்தால் 41ஆவது நிமிடத்தில் பச்சைக் கட்டங்கள். திரும்ப ரெண்டர் பண்ணினேன், அந்த இடம் சரியாகி வேறு இடத்தில் வந்தது. இப்படி இடம் மாறி மாறி வந்தால் கோளாறு வீடியோவில் இல்லை என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்குச் சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கல்யாணத்திலேயே ஒரு கிளிப் திறக்கவே இல்லை. பெண்ணின் அம்மாயி லயத்து வாசலில் நின்று, நடுங்குகிற கையால் அரிசி போட்டு ஆசீர்வாதம் பண்ணிய இடம். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை. விரல் நுனியெல்லாம் கறை ஏறி வெடித்திருக்கும், அதைக் கிட்டப் போய் எடுத்திருந்தேன். கேமராவின் கார்டில் இருந்து கம்ப்யூட்டருக்கும், அங்கிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் காப்பி எடுத்துவிட்டு, வழக்கம்போல கார்டை ஃபார்மட் பண்ணியும் விட்டேன். இரண்டு காப்பியும் ஒரே மாதிரி கெட்டிருந்தன. பெண்ணின் அப்பா ஃபோனில், "தம்பி, அம்மாயி ஆசீர்வாதம் பண்ற இடம் வருதாப்பா?" என்று கேட்டார். இரண்டு நாளில் சொல்கிறேன் என்று மழுப்பினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எனக்கே இது தெரியாது. காப்பி பண்ணும்போது ஃபைல் கார்டிலிருந்து நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை, ரேமில் ஏறித்தான் இறங்குகிறது. ரேமில் ஒரு பிட் புரண்டால், புரண்டதே டிஸ்க்கில் எழுதப்படும். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் போடும் சாதாரண ரேமில் இதைக் கண்டுபிடித்துத் திருத்துகிற வசதி இல்லை. எந்த எச்சரிக்கையும் வராது. கெட்ட ரேமை வைத்துக்கொண்டு எத்தனை பேக்கப் எடுத்தாலும் சில சமயம் கெட்டதையே பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். விண்டோஸ் பூட் ஆவது, கேம் ஓடுவது, இதெல்லாம் ரேம் சரி என்பதற்குச் சாட்சியே இல்லை. கோடிக்கணக்கான பிட்டில் நாலைந்து புரண்டாலும் விண்டோஸ் பாட்டுக்கு ஓடும்.

என் அக்கா மகன்தான் பிடித்தான். "மாமா, மெம்டெஸ்ட் ஓட விட்டீங்களா?" என்று கேட்டான். மெம்டெஸ்ட்86 என்ற, ரேமைச் சோதிக்கிற சாஃப்ட்வேரை ஒரு பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே பூட் பண்ண வேண்டும். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். ராத்திரி ஓட விட்டுப் படுத்தேன். ஜன்னலெல்லாம் பனி ஒட்டிய குளிர், கம்பளிக்குள்ளேயே கால் விறைத்தது. காலையில் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள், முதல் சுற்றிலேயே முந்நூற்றுச் சொச்சம் பிழை. சூடு ஏறினால் ரேமில் பிழை கூடும் என்பது உண்மைதான், ஆனால் சூடு இல்லாததால் மட்டும் ஒரு ஸ்டிக் தன்னால் முடியாத வேகத்தில் ஓடிவிடாது.

பிறகு அவன் கம்ப்யூட்டரின் பாகங்களைக் காட்டுகிற சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, ஸ்டிக்குக்குள் பதிந்திருக்கிற விவரத்தைக் காட்டும் எஸ்பிடி என்ற பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பார்த்தான். என் பழைய இரண்டும் சரி, எக்ஸ்எம்பி (ரேம் கம்பெனியே ஸ்டிக்கில் பதிந்து வைத்த கூடுதல் வேக அமைப்பு) 3200 என்று காட்டின. புதிய இரண்டிலும் எக்ஸ்எம்பி என்ற வரியே இல்லை. 2666, சிஎல் 19, 1.2 வோல்ட். கழற்றிப் பார்த்தோம். சிவப்புக் கோடு போட்ட கறுப்புத் தகடு, அதன்மேல் 3600 என்று ஸ்டிக்கர். தகட்டின் ஓரத்தில் நகத்தை விட்டதும் பசையோடு லேசாகத் தூக்கிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்தது சாதாரணப் பச்சை ரேம். (அதே சிபியு-இசட்டில் மெமரி பக்கத்தில் 1800 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். டிடிஆர் ரேமுக்கு அங்கே பாதிக் கணக்குத்தான் வரும்.)

பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற, போர்டின் அடிப்படை அமைப்பு) போனால் 3600, சிஎல் 18, 1.45 வோல்ட் என்று கையால் அடித்து வைத்திருந்தார்கள். கணக்கு சுலபம்: சிஎல்லை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால், ரேம் பதில் சொல்ல எடுக்கும் நேரம் நானோ செகண்டில் வரும். 2666 சிஎல் 19 என்றால் 14.25. 3600 சிஎல் 18 என்றால் 10. அதாவது, 14.25இல் பதில் சொல்வேன் என்று எழுதிக்கொடுத்த ஸ்டிக்கை, வோல்ட்டை ஏற்றி 10இல் சொல்லு என்று விரட்டியிருக்கிறார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் பழைய 3200 சிஎல் 16க்கும் கணக்குப் போட்டால் அதே 10தான். பதில் நேரத்தில் நான் ஒரு இம்மியும் சம்பாதிக்கவில்லை.

போர்டில் இருக்கிற பேட்டரியைக் கழற்றி பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தோம். நாலு ஸ்டிக்கையும் 2666, 1.2 வோல்ட்டில் விட்டு மறுபடி ஓரிரவு ஓட விட்டோம். நாலு சுற்றும் சுத்தம். இப்போது அப்படித்தான் ஓடுகிறது. 12 நிமிடத்தில் முடிகிற ரெண்டர் இப்போது பன்னிரண்டரை எடுக்கிறது, அந்த அரை நிமிடத்தில் நான் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிறேன்.

ஸ்டிக்கரையும் மெம்டெஸ்ட் திரையின் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் நான் மேலே எழுதிய அந்தக் கேள்வி. அடுத்து, "உங்க ஊர்ல கரண்ட் ஏறி இறங்கும் அண்ணே." கடைசியில் முதலாளி வந்து, ஓவர்க்ளாக் பண்ணின ரேமுக்கு வாரண்டி கிடையாது என்றார். ஓவர்க்ளாக் பண்ணினதே நீங்கள்தானே ஐயா என்றேன். ஒரு கீபோர்டு தருகிறேன், பேச்சை முடித்துக்கொள்வோம் என்றார். கீபோர்டை வாங்கவில்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், அவர்களுடைய எண் 1977. பில்லில் 3600 என்ற எண் இல்லாததால் என் கை கொஞ்சம் பலவீனம்தான். கடை பெயரை இங்கே எழுதவில்லை.

நீங்கள் ரேம் கூட்டப் போனால் இருக்கிறதோடு ஒட்டுப் போடாமல், ஒரே பெட்டியில் வருகிற 16 ஜிபி இரண்டாக வாங்கிப் பழையதை விற்றுவிடுங்கள். நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும், போர்டுப் புத்தகத்தில் இருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பியை மட்டும் போட்டுவிடுங்கள். டிடிஆர்4இல் அது பெரும்பாலும் 1.35 வோல்ட்டோடு வரும், அதற்கு மேலே கை வைக்க வேண்டாம். பிழை வந்தால் வோல்ட்டை ஏற்றாதீர்கள், வேகத்தை ஒரு படி இறக்குங்கள். காசு கொடுக்கும் முன்னால் எஸ்பிடி பக்கத்தைக் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. பில்லில் மேக், வேகம், சிஎல் மூன்றும் இருக்கட்டும். புது ரேம் போட்டால், கார்டை ஃபார்மட் பண்ணும் முன்னால் மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓடட்டும்.

அம்மாயியின் அந்த இடத்தை மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் ஃபோனில் எடுத்திருந்தான். நெட்டுக்குத்தாக எடுத்தது, பாதியை யாரோ ஒரு மாமாவின் முதுகு மறைக்கிறது. அதைத்தான் ஒட்டிக் கொடுத்தேன்.