ஈப்போ - செனாய் விமானம்: வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து தெற்கே ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே குடும்பமானவர்கள் நிறையப் பேர். என் தங்கச்சியும் அப்படித்தான், மாசாயில் இருக்கிறாள். அவளைப் பார்க்க அம்மாவை ஈப்போவிலிருந்து நேரடி விமானத்தில் கூட்டிப் போனேன். வயதானவர்களோடு போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து ஜொகூரின் செனாய் விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 430 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனால் 500ஐத் தாண்டிவிடும். சாலை முதலில் கோலாலம்பூருக்கு இறங்கி, அப்புறம் சிரம்பான், யோங் பெங் என்று வளைந்துதானே போகிறது.

ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அப்படியென்றால் அரை மணியில் போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பெரும்பகுதி நேரம் போய்விடுகிறது, முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதையும் சேர்த்துத்தான் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடுகிறார்கள். இணையத்தில் தூரம் பார்க்கும் பக்கங்கள் காட்டுவது வெறும் பறக்கும் நேரம். அதை நம்பித் தங்கச்சி வீட்டில் சாப்பாட்டுக்கு நேரம் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு முக்கால் மணி. ஒன்றரை மணி முன்னாலேயே போய்விட்டோம். செனாயில் பெட்டி எடுத்து, மாசாய் போய்ச் சேர இன்னொரு மணி. ஆக மொத்தம் வாசலுக்கு வாசல் நாலரை மணி நேரம். காரில் போனால், அம்மாவுக்காக நிறுத்தி நிறுத்தி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. தாப்பா தாண்டுவதற்குள்ளேயே அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும்.

ஈப்போ நிலையம் சின்னது. எனக்கு அதுதான் பிடித்தது. காரை விட்டு இறங்கினால் நாலு எட்டில் கவுண்டர். ஆனால் விமானத்துக்கு வெளித்திடலில் நடந்து போய்ப் படி ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அம்மா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்றுதான் ஏறினார். பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமைக்கு நன்றி.

இடது பக்க ஜன்னல் கேளுங்கள், தித்திவங்சா மலைத்தொடர் தெரியும். செனாயில் இறங்கும்போது கீழே எங்கு பார்த்தாலும் செம்பனை. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "அதோ பாருய்யா, பழைய மரத்தச் சாச்சிட்டு இப்பத்தான் கன்னு போட்டிருக்கான், வரிசை இன்னும் மூடல" என்றார். எனக்கு வெறும் செம்மண்தான் தெரிந்தது.

செலவு? ஓரிருவர் போனால் விமானம் கட்டுப்படியாகும். நாலைந்து பேர் கொண்ட குடும்பம் என்றால் டோல், பெட்ரோல் எல்லாம் சேர்த்தும் கார்தான் மலிவு. தீபாவளி வாரத்துக்குப் போகிறீர்கள் என்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே டிக்கெட் எடுத்து வையுங்கள். டுரியானை மட்டும் விமானத்துக்குள் விடமாட்டார்கள், தங்கச்சிக்கு அதை நீங்கள் காரில் போகும்போது கொடுத்துக்கொள்ளலாம்.