இட்லியில் நீர் கோத்ததும் கொதிகலனைத் திருத்தியதும்: நான்கு ஆண்டு அனுபவம்

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டிலேயே விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். முகூர்த்த நாள்களில் விடிவதற்குள் ஆயிரம் இட்லி இறக்க வேண்டியிருப்பதால், கேஸில் எரியும் சிறிய நீராவிக் கொதிகலன் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். அதன் கொள்ளளவு 22 லிட்டர். அரை கிலோ அழுத்தத்தில் இயங்குகிறது. 25 லிட்டருக்குக் குறைந்த கலன் கொதிகலன் சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை என்றாலும், சேஃப்டி வால்வை வாரந்தோறும் தூக்கிப் பார்க்கத் தவறுவதில்லை.

முதல் மாதம் படாதபாடு பட்டோம். இட்லியின் மேல் நீர் கோத்து நின்றது. லேசாக மெஷின் எண்ணெய் வாடையும் அடித்ததால் முதல் சில ஈடுகளைக் கொட்டிவிட்டோம். பொருத்திக் கொடுத்தவர் மாவு நீர்த்திருப்பதாகச் சொன்னார். மாவைக் குறை சொன்னதில் என் மனைவிக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. நீர்மட்டக் கண்ணாடியைக் கவனித்தபோதுதான் விஷயம் புலப்பட்டது: அடுப்பு முழுவேகத்தில் எரியும்போது நீர்மட்டம் இரண்டு மூன்று விரற்கடை துள்ளித் துள்ளி இறங்கியது.

புதிய கலனிலும் குழாய்களிலும் மரை வெட்டும்போது பூசிய எண்ணெய் தங்கியிருக்கும். அது நீரின் மேல் படலமாகப் படர்ந்துவிட்டால், குமிழிகள் எளிதில் உடையாமல் நுரைத்து எழும்பி, நீராவியோடு நீரையும் குழாய்க்குள் இழுத்துச் செல்கின்றன. இதை அறியாமல் ஒரு வாரம் அடிவால்வைத் திறந்து கலனைக் காலி செய்து பார்த்தோம், பயனில்லை. நீர் இறங்கும்போது எண்ணெய் உள்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி நிரப்பும்போது புதுநீரின் மேல் ஏறி மிதக்கிறது. மிதப்பதை மேலிருந்துதான் வழித்தெடுக்க வேண்டும்.

எங்கள் கலனின் பக்கவாட்டில், வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பிளக் போட்டு மூடிய துளை ஒன்று இருந்தது. அதில் ஒன்றேகால் அங்குலக் குழாயும் வால்வும் பொருத்தினோம். நீரைக் கொதிக்கவிடாமல் நன்றாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, அழுத்தம் அறவே இல்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த வால்வைத் திறந்தோம். பிறகு நீர் உள்ளே வரும் வால்வை மயிரிழை அளவே திறந்து வைக்க, மேல்மட்ட நீர் பென்சில் தடிமனில் வாளிக்குள் வழிந்தது. அவசரப்பட்டு வேகமாக நீரை விட்டால் எண்ணெய் கலங்கி மறுபடி உள்ளேயே தங்கிவிடும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் இப்படி வழித்தோம். முதல் நாள் வாளியில் வானவில் நிறப் படலம் மிதந்தது. வழித்த நீரில் ஒரு குவளை எடுத்துச் சட்டியில் காய்ச்சினால் சோற்று உலைபோலப் பொங்கியது. மூன்றாம் வாரம் வெறும் வெந்நீராக அடங்கிக் கொதித்தது.

அதன் பிறகும் இட்லி முழுவதும் சரியாகவில்லை, ஏனென்றால் குழாயமைப்பும் பிழையானது. கலனின் தலையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே எல்போ போட்டு, ஒரு அங்குலக் குழாயை நேராக இட்லிப் பெட்டிக்குக் கொண்டு போயிருந்தார்கள். குழாயின் விட்டம் இரட்டிப்பானால் நீராவியின் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். வேகம் குறைந்தால்தான் நீர்த்துளி பிரிந்து கீழே விழும். நீர்மட்டத்திலிருந்து இரண்டடி உயரத்துக்கு இரண்டு அங்குலக் குழாயை ஏற்றி, அதே அளவில் கிடைக்குழாய் போட்டு, பெட்டிகளுக்கான கிளைகளை அதன் மேற்புறத்திலிருந்து எடுத்தோம். கிடைக்குழாயின் கடைக்கோடியைக் கீழ்நோக்கி வளைத்து, பிரிந்த நீர் கலனின் அடிப்பகுதிக்கே திரும்புமாறு செய்தோம். குளிர்நாடுகளில் வீடுகளை நீராவியால் சூடாக்கும் கொதிகலன்களில் இதுதான் முறையான அமைப்பு.

அங்கெல்லாம் அறைகளில் குளிர்ந்த நீராவி நீராகிக் கலனுக்கே திரும்பிவிடும். எங்கள் நீராவியோ இட்லிப் பெட்டியோடு போய்விடுகிறது. நாள்தோறும் புதுநீர் ஏற, அதிலுள்ள உப்பு மட்டும் கலனில் சேர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் போர்வெல் நீர் கடினமானது. மென்னீராக்கி வைத்திருக்கிறோம், அது பாறைபோல் படிவு பிடிப்பதைத் தடுக்கிறதே தவிர உப்பின் மொத்த அளவைக் குறைப்பதில்லை, உப்பு மிகுந்தாலும் நீர் நுரைக்கும். ஆகவே தினமும் வேலை முடிந்ததும் அடிவால்வில் கொஞ்சம் நீரை வெளியேற்றுகிறோம். மாதம் ஒருமுறை மேல்மட்டத்தையும் வழிக்கிறோம். உணவைத் தொடும் நீராவி என்பதால் இரசாயனம் எதையும் ஊற்றுவதில்லை.

இப்போது கண்ணாடியில் நீர்மட்டம் அரை விரற்கடைக்கு மேல் ஆடுவதில்லை. கண்ணாடியின் ரப்பர் வாஷர் மட்டும் அடிக்கடி கசிந்து தொல்லை தருகிறது. வழிக்கும் வால்வின் கைப்பிடியைக் கழற்றி, கேஸ் வால்வுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்; அரை கிலோ அழுத்தத்தில் உள்ளே இருப்பது 111 பாகை நீர், வேலைக்கு வரும் பையன்கள் யாரும் தெரியாமல் அதைத் திருகிவிடக் கூடாது.