வோல்கா நதிக் கப்பல் பயணம்: 96,000 ரூபிள் கொடுத்து ஏமாந்தோம், நீங்களாவது உஷாராக இருங்கள்

மாஸ்கோவிலிருந்து கசான் வரை கப்பலில் போக நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பல கப்பல்களுக்கும் சீட்டு விற்கும் ஓர் இணைய முகவரிடம் நானும் என் மனைவியும் 96,000 ரூபிள் கொடுத்து ஏமாந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது புராஜெக்ட் 588 என்ற வடிவமைப்பு எண் கொண்ட வகைக் கப்பல். சோவியத் ஒன்றியத்துக்காகக் கிழக்கு ஜெர்மனியின் விஸ்மர் நகரில் 1954 முதல் 1961 வரை கட்டப்பட்ட 49 கப்பல்களில் ஒன்று. மூன்று தளம், ஏறக்குறைய 96 மீட்டர் நீளம். கப்பல் மீது எனக்குக் குறையில்லை. அதன் பழைய மரவேலைப்பாட்டுக்காகவே தேடிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் இவ்வகைக் கப்பல்களைக் கட்டியபோது பெரும்பாலான அறைகளில் வாஷ்பேசின் மட்டுமே வைத்தார்கள்; கழிப்பறையும் குளியலறையும் பொதுவானவை. பின்னாளில் சிலவற்றில் மட்டும் அறைக்குள்ளேயே குளியலறை அமைத்துப் புதுப்பித்தார்கள். அந்தச் சிலவற்றைக் காட்டித்தான் எங்கள் தலையில் இதைக் கட்டினார்கள்.

மனைவிக்கு மூட்டுவலி என்பதால், உள்ளே குளியலறை உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். தொலைபேசியில் பேசிய பெண் சற்றும் தயங்காமல், எங்கள் அறை எண்ணைச் சிவப்பு வட்டமிட்ட தளப்படத்தையும், வெள்ளை ஓடு பதித்த குளியலறையின் புகைப்படத்தையும் உடனே அனுப்பினார். வட்டமிட்டே அனுப்பினால் யார்தான் நம்பமாட்டார்கள்? அன்று மாலையே முழுத்தொகையையும் செலுத்தினேன்.

கதவைத் திறந்தால் இரண்டு கட்டில், நடுவே ஒருவர் நிற்க இடம், கதவோரம் ஒரு வாஷ்பேசின், அவ்வளவுதான். பயணம் முழுக்க, நள்ளிரவிலும் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நடந்தார்.

கப்பலில் கேட்டால், சீட்டு விற்றவரைக் கேளுங்கள் என்றார்கள். முகவரோ, அது மாதிரிப் படம் என்றார். பிறகு புகார்ப் படிவம் நிரப்பச் சொன்னார். கடைசியில், பயணம் முடிந்துவிட்டதால் எதுவும் திரும்பத் தர இயலாது என்று கைவிரித்துவிட்டார். 96,000 ரூபிளில் அறை வித்தியாசத்தை மட்டும்தான் கேட்டேன். அதற்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கு ஐந்து சதவீதத் தள்ளுபடியாம்!

விரிவாக ஆலோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், 96,000 ரூபிளை நினைத்தால் கை ஓடவில்லை. கப்பலின் பெயரையும் புராஜெக்ட் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். முகவர் அனுப்பும் தளப்படத்தைக் கப்பல் நிறுவனத்தின் படத்தோடு ஒப்பிடுங்கள். அறைக்குள் கழிப்பறையும் குளியலறையும் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதித் தராதவருக்கு ஒரு ரூபிளும் அனுப்பாதீர்கள்.