பட்டுக்கோட்டை வீட்டுக் கேமராவும் அடைமழைக் கால இணையமும்

அம்மா பட்டுக்கோட்டையில் தனியாக இருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் எனக்குக் கேமரா செயலியில் 'ஆஃப்லைன்' என்று வந்தால் அன்று இரவு உறக்கம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் இது அடிக்கடி நடக்கிறது. இந்த முறை ஊருக்குப் போனபோது இதற்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன்.

கேமரா கடையிலிருந்து வந்த தம்பி கெட்டிக்காரர். "அண்ணே, நெட் போனால் நீங்கள் அங்கிருந்து பார்ப்பதுதான் நிற்கும், ரெக்கார்டிங் நிற்காது" என்று சொல்லி, இணையம் இல்லாத நாளின் பதிவை டிவியிலேயே ஓட்டிக் காட்டினார். கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை அதற்கு இணையம் தேவையில்லை. நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 86 ஜி.பி. ஆகும். 1 டி.பி. டிஸ்க்கில் 11 நாள் பதிவு தங்கும். தனி வைஃபை கேமரா வைத்திருப்பவர்கள் மெமரி கார்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணையம் வழியாக நிறுவனத்தின் கணினியில் சேமிக்கும் மேகச் சேமிப்பை (கிளவுட்) மட்டும் நம்பியிருந்தால், இணையம் இல்லாத நேரத்தில் பதிவே இருக்காது.

உண்மையான சிக்கல் மின்சாரத்தில் இருந்தது. இன்வெர்ட்டர் இணைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே போயிருந்தது. ஃபைபர் மோடமும் டி.வி.ஆரும் சாதாரண பிளக்கில். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் இரண்டும் காலை முதலே அணைந்துவிடும். எலக்ட்ரீஷியன் அவற்றை இன்வெர்ட்டர் வரிசைக்கு மாற்றினார். ஒரு மின்விசிறி இழுக்கும் மின்சாரத்துக்கு மேல் இவை கேட்பதில்லை. ஆனாலும் மின்சாரம் போகும் நொடியில் டி.வி.ஆர். அணைந்து மீண்டும் எழுந்தது. இன்வெர்ட்டரின் பின்புறச் சுவிட்சை, பேட்டரிக்கு இன்னும் வேகமாக மாறும் 'யு.பி.எஸ்.' பக்கம் தள்ளியதும் அதுவும் சரியாயிற்று. கணினி வைத்திருப்பவர்களுக்காக இருக்கும் இந்தச் சுவிட்சை நம் ஊரில் பலர் தொடுவதே இல்லை.

இணைய நிறுவனத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல முடியவில்லை. வைக்கோல் லாரி தெருமுனையில் கேபிளை இழுத்து அறுத்துவிட்டுப் போனது. புகார் எண் உடனே வந்தது; ஆள் வர இரண்டு நாள். மாதக் கட்டணத்தை ஒரு நாள் தாமதித்தால் இணைப்பைத் துண்டிக்கிறவர்கள், இதில் மட்டும் ஏன் இவ்வளவு மெத்தனம்? எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் சிம் போடும் 4ஜி ரூட்டர் ஒன்றையும் மாற்று வழியாக வைத்துவிட்டேன். ஃபைபர் நின்றால் தானாக அதற்கு மாறும். செயலியில் தெளிவு குறைந்த காட்சியைத் தேர்ந்தெடுத்தால் டேட்டா சீக்கிரம் தீராது. பெரும்புயலில் இதுவும் கைகொடுக்காது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் மின்கம்பங்களோடு கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிட்டன. அப்படிப்பட்ட நாளில் பக்கத்து வீட்டுச் சித்தப்பாதான் துணை.

டி.வி.ஆரின் கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பின்னுக்குப் போய்விடும்; தேவைப்படும் காட்சியைத் தேடியே எடுக்க முடியாது. வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன், அந்தத் தம்பியை வைத்துக்கொண்டே மெயின் சுவிட்சை அணைத்து, மோடத்தின் ஃபைபரையும் கழற்றச் சொல்லி, அரைமணி நேரம் கழித்துப் பதிவை ஓட்டிப் பாருங்கள்.