மூன்று வருடம், 35 அங்குல மட் டயர், நிற்காத வெயிட்

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "உங்க வண்டியில இருக்கிற அதே டயரை நானும் போடலாம்னு இருக்கேன். மூணு வருஷமா ஓட்டுறீங்களே, எப்படி இருக்கு?" ஐந்து நிமிடப் பேச்சில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். 35 அங்குலம், 17 அங்குல அலாய் ரிம், மட் டெரெய்ன். மற்ற விவரமெல்லாம் அவருக்கே தெரியும்.

முதலில் டயருக்குச் சேர வேண்டிய நல்ல பேரைக் கொடுத்துவிடுகிறேன். சேற்றில் இதைப் போல் கவ்வி இழுக்கிற டயரை நான் ஓட்டியதில்லை. முழங்கால் ஆழக் களிமண்ணில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு மெதுவாக மிதித்தால் போதும், நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கச் சுவரில் கல் உரசிய தழும்பு நிறைய, ஆனால் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. 41,000 கிலோமீட்டர் ஓடியும் பட்டன், அதாவது தரையைக் கவ்வும் ரப்பர் கட்டைகள், பாதிக்கு மேல் இருக்கிறது. சத்தம் உண்டு, அது எதிர்பார்த்ததுதான்.

ஆனால் இந்த மூன்று வருடத்தில் நான் டயரைப் பற்றி யோசித்ததைவிட, சக்கரம் அதிராமல் சுற்ற அதன் ரிம்மில் வைக்கும் வெயிட் எனப்படும் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைப் பற்றி யோசித்ததுதான் அதிகம். வெயிட் நிற்கவில்லை. ஒட்டினால் உதிர்கிறது, அடித்தால் தெறிக்கிறது. வாரக்கடைசியில் காட்டுப்பாதையில் போய்விட்டுத் தார்ச்சாலை ஏறினால், 85 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும், 100-க்கு மேல் இருக்கையும் சேர்ந்து அதிரும்.

இவ்வளவு பெரிய டயரில் இது ஏன் இப்படிப் படுத்துகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய பத்து முறை சுற்றுகிறது. பட்டன் இடுக்கில் 50 கிராம் கல் ஒன்று சிக்கினால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை ஏறக்குறைய 9 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். அதை ரிம்மில் ஈடுகட்ட 50 கிராம் போதாது. டயரின் வெளி விளிம்போடு ஒப்பிட்டால் ரிம் மையத்திலிருந்து பாதித் தூரத்தில்தான் இருக்கிறது, எனவே இரட்டிப்பாக 100 கிராம் வேண்டும். என் நான்கு சக்கரங்களில் ஒன்றுக்கு முதல்முறை 280 கிராம் கேட்டது பேலன்சிங் மெஷின். அத்தனை துண்டும் ரிம்மில் ஒட்டிக்கொண்டு சேற்றுக்குள் போய் வர வேண்டும்.

ஆரம்பத்தில் வெளி ஓரத்தில் கிளிப் வெயிட் அடித்தார்கள். ரிம் ஓரத்தின் வடிவத்துக்கு ஏற்ற கிளிப் வேண்டும். இரும்பு ரிம்முக்கானதை அலாயில் அடித்தால் பிடி நிற்காது, ஒருமுறை கழற்றிய கிளிப்பும் தளர்ந்துவிடும். சரியான கிளிப்பே போட்டாலும், ஆழமான தடத்தில் இறங்கி ஏறும்போது ஓரம் கல்லில் தேய்கிறது. இரண்டாவது பயணத்திலேயே வெளிப்பக்கம் மொட்டை. அன்றோடு கிளிப் முடிந்தது, எல்லாமே உள்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர் வெயிட் என்று மாறினேன்.

வேகமாக ஓட்டினால் ஸ்டிக்கர் வெயிட் பறந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரிம்மின் உட்சுவரில் ஒட்டியதை வேகம் இன்னும் அழுத்தித்தான் பிடிக்கும், வெளியே தள்ளுகிற விசை அதை ரிம்மோடு சேர்த்துத்தான் அமுக்குகிறது. அதைப் பிடுங்குவது வேறு. ரிம்முக்குள் அப்பிக் காய்ந்த சேறு பெயரும்போது வெயிட்டையும் சேர்த்துக்கொண்டு பெயரும். பிரேக் காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிய கல் உரசிக் கிளப்பும். ஓரத்தில் புகுந்த தண்ணீர் பசையை மெல்ல மெல்ல ஊறவைக்கும். அதன்மேல் பிரஷர் வாஷ் அடித்தால் மிச்சமும் போகும்.

இங்கே டயர் கடையையும் சும்மா விட முடியாது. முதல் வருடம் நான் போன இடத்தில் பழைய பசையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதியதை ஒட்டினார்கள். ரிம் ஈரமாக இருந்தது, ஒரு துணியால் இழுத்துவிட்டு ஒட்டினார்கள். 60 கிராம் நீளப் பட்டையை வளைக்காமல் அப்படியே அமுக்கினார்கள், இரண்டு முனையும் நிமிர்ந்து நின்றது. கேட்டதற்கு "அதெல்லாம் ஒட்டிக்கும் சார்" என்று பதில். அந்தப் பட்டை நான்கு நாளில் போனது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் மெஷினில் அவர்கள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வெயிட்டை நானே ஒட்டுகிறேன். மெஷின் காட்டும் இடத்தை மார்க்கரில் குறித்துக்கொண்டு, பழைய பசை துளியும் இல்லாமல் எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைக்கிறேன். கறுப்பு வராத துணி கையில் வரும்வரை துடைக்க வேண்டும், பிரேக் தூசி அவ்வளவு லேசில் விடாது. பட்டையை ரிம்மின் வளைவுக்கு முன்னாலேயே வளைத்து, நீளமாக ஒன்று வைக்காமல் இரண்டு வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலால் துண்டு துண்டாக அழுத்துகிறேன். மேலே அலுமினிய ஃபாயில் டேப், ஓரம் நன்றாகப் படியும்படி. வண்டியில் மாட்டியதும் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, காலிப்பரில் உரசுகிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை டிக் டிக் என்று சத்தம் கேட்டும் விட்டுவிட்டேன், ஒரு பட்டை முழுதாகச் சீவிப் போனது. பசை முழுப் பலம் பெற 72 மணி நேரம் ஆகும். அதுவரை சேறும் வேண்டாம், கழுவலும் வேண்டாம். இப்படி ஒட்டியது பதினான்கு மாதம் நின்றது.

அந்தப் பதினான்கு மாதத்துக்கு நடுவில்தான் எனக்கு இந்த விஷயத்தில் மறக்க முடியாத ஒன்று நடந்தது. ஒரு பாறைப் பாதையில் 15 பிஎஸ்ஐயில் நன்றாக மிதித்து ஏறிவிட்டுத் திரும்பினேன். மறுபடி நடுக்கம். கீழே படுத்துப் பார்த்தால் ஒரு வெயிட்டும் போகவில்லை, ஃபாயில்கூடக் கிழியவில்லை. சேறு அப்பியிருக்கிறதா என்று கழுவினேன், இல்லை. அரை நாள் குழம்பினேன். அப்புறம்தான் மஞ்சள் புள்ளி கண்ணில் பட்டது. டயரின் லேசான பக்கத்தைக் காட்ட அந்தப் புள்ளியை வைப்பார்கள், வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவது வழக்கம். என் டயரில் அது வால்வைவிட்டு நான்கு விரல் தள்ளி நின்றது. குறைந்த காற்றில் முழு இழுப்புக் கொடுத்ததில் ரிம்மின்மேல் டயரே சறுக்கித் திரும்பியிருக்கிறது! வெயிட் இருந்த இடத்திலேயே இருக்க, கனமான பக்கம் நகர்ந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எத்தனை முறை பாவம் அந்த வெயிட்டைத் திட்டியிருப்பேன்.

இப்போது நான்கு சக்கரத்திலும் வால்வுக்கு நேராக, டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு உடைந்தால் டயர் நகர்ந்திருக்கிறது, நேராக இருந்தால் வெயிட்டைத் தேடு. டயர் மாட்டும்போது பூசிய சோப்பு நீர் காய்வதற்குள் வேகமாக மிதித்தாலும் நகரும், ஒரு நாள் விட்டுவிடுவது நல்லது. இதே சாக்கில் இன்னொன்றும் செய்தேன். 280 கிராம் கேட்ட சக்கரத்தில் டயரை ரிம்மின்மேல் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டச் சொன்னேன். 120 கிராமில் முடிந்தது. குறைவாக ஒட்டினால் குறைவாக உதிரும், இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

வெயிட்டுக்குப் பதிலாக, தானே உருண்டு சமன்செய்யும் சின்ன மணிகளை டயருக்குள் போடுவதையும் நண்பர் கேட்டார். போட்டுப் பார்த்தேன், ஒரு டயருக்குச் சுமார் 300 கிராம் பீங்கான் மணி. ஒரே வேகத்தில் ஓடும்போது நன்றாகத்தான் இருந்தது. பிரேக் அடித்துக் கிளப்பினால், மணிகள் மறுபடி இடம் சேரும்வரை சில வினாடி அதிரும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு அது அவ்வளவாக உதவவில்லை. காற்றோடு வந்த ஈரத்தில் மணிகள் கட்டியாகி ஒரே இடத்தில் ஒட்டியதும் எடுத்துவிட்டேன். ஈரமில்லாத காற்றும் வடிகட்டி வைத்த வால்வு ஊசியும் இருந்தால் சிலருக்குச் சரிப்படலாம். எனக்கு வேண்டாம்.

இன்று காலை வழக்கம்போல் சக்கரத்துக்குள் கைவிட்டுத் தடவினேன். முன் இடதில் ஃபாயில் கிழிந்து, ஒரு பட்டை போயிருக்கிறது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு முதல்முறை. வெள்ளைக் கோடு நேராகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை இந்த டயர் என்னை எந்தக் களிமண்ணிலிருந்து வெளியே இழுத்து வந்ததோ, அதே களிமண்தான் காய்ந்து வெயிட்டைக் கொண்டுபோயிருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மாதத்தில் இருபத்தைந்து நாள் தார்ச்சாலையில் ஓட்டுகிறவருக்கு 33 அங்குலம், தார்ச்சாலைக்கும் காட்டுப்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போதும். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று தோன்றலாம், புகழ்ந்ததில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் இன்று மாலை மறுபடி ரிம்மைக் கழற்றி, பசை சுரண்டி, ஆல்கஹாலால் துடைக்கப் போகிறவன் நான். இந்த வேலையை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.