டைனஸ்டீஸ்: விலங்குகளின் வாரிசுச் சண்டை

பிபிசி 2018-இல் ஒளிபரப்பிய ‘டைனஸ்டீஸ்’ தொடர், ஒவ்வொரு பகுதியிலும் ஒரே விலங்குக் கூட்டத்தை நெடுங்காலம் பின்தொடர்ந்து, அதன் வாழ்வைப் பகையும் வாரிசுரிமையும் நிறைந்த குடும்பக் கதையாக டேவிட் அட்டன்பரோவின் குரலில் சொல்கிறது. செனகல் நாட்டுச் சிம்பன்சித் தலைவன் டேவிட், தன் கூட்டத்து ஆண்களாலேயே தாக்கப்பட்டு, காயங்களோடு தனித்துக் கிடந்து, மெல்லத் தேறித் தலைமையை மீட்கும் முதல் பகுதியே ஐந்திலும் சிறந்தது. ஆண் சிம்பன்சிகள் தலைமைக்காகக் கூட்டணி சேர்வது ஆய்வாளர்கள் நன்கறிந்த உண்மை என்பதால், அங்கே அரசியல் மொழி உறுத்தவில்லை. ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் காட்டுநாய்களின் கதையில்தான் நெருடல் தொடங்குகிறது. மகள் பிளாக்டிப்பின் கூட்டம் பெருகி இடம் போதாமல் தாய் டெய்ட்டின் எல்லைக்குள் நுழைகிறது என்ற எளிய காரணத்தை, மாமியார் மருமகள் தொடர்களுக்கு நிகரான பின்னணி இசை அமுக்கிவிடுகிறது. சிங்கம், புலிப் பகுதிகள் நேர்த்தியானவை, ஆனால் எதிர்பார்த்தபடியே செல்பவை. பனிப்பள்ளத்தில் குஞ்சுகளுடன் சிக்கிய பென்குயின்கள் மேலேறுவதற்குப் படப்பிடிப்புக் குழுவே சரிவுப் பாதை வெட்டியதை மறைக்காமல் காட்டியது பாராட்டத்தக்கது. பகுதிகளின் இறுதியில் வரும் படப்பிடிப்பு அனுபவக் காட்சிகளைத் தவறவிட வேண்டாம். சிறு பிள்ளைகளோடு பார்ப்பவர்கள், டேவிட்டின் காயங்கள் மிக அண்மையில் காட்டப்படுகின்றன என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது.